பத்து அறிகுறிகள்

அத்தியாயம் 17

நாகஜோதி அன்றைக்கு இரண்டு தூக்குச்சட்டியில் சோறு கட்டினாள்.

வழக்கமாக ஒன்றுதான். விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவளுக்கு மத்தியானத்துக்கு ஒரு தூக்கு போதும். இரண்டாவதில் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும் இருந்தது. மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, இரண்டு தரம் சாய்த்துப் பார்த்தாள். ஒழுகவில்லை.

வாராவாரம் இந்தத் தொடரோடு கூடவே வருகிறவர்களுக்கு அந்தக் குழம்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் புதிதாக வண்டி ஏறியவர்களுக்காக நாலு வரி.

கோம்பையிலிருந்து தினமும் கம்பம்மெட்டு தாண்டிக் காய் எடுக்கப் போகிறவள் நாகஜோதி. அவள் கணவர் சுருளிராஜன், குத்தகைக்கு எடுத்திருந்த திராட்சைப் பந்தலை விட்டபிறகு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் சும்மா இருந்தார். வேலை போனதும் பேச்சும் கூடவே போய்விட்டது. ஆவணியில் ஆண்டிபட்டியில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நாகஜோதி பையிலிருந்து 'நெஞ்சக்கதவு' மாத இதழை எடுத்து, 'தாழ்வு மனப்பான்மை உள்ள ஆணின் பத்து அறிகுறிகள்' என்ற பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். விளையாட்டாகத்தான். ஒவ்வொரு அறிகுறிக்கும் சொந்தக்காரர்கள் சுருளிராஜனைக் கை காட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் ஒரு பையோடு மலையேறிப் போனார். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் வேலை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. இப்போது மார்கழி. இன்னும் வீடு திரும்பவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஜீப் டிரைவர் ஒச்சாண்டி ஒரு சேதி சொன்னான்.

"மதினி, அண்ணன வேற ஸ்டோருக்கு மாத்துறாக. சாந்தன்பாறைக்கு அங்கிட்டு, உச்சியில. நாளைக்குச் சாயங்காலம் மொதலாளி எடை போட வர்றாரு. வர்றேன், வரலன்னு அண்ணன் அப்பவே சொல்லிரணுமாம். அங்கன போயிட்டாகன்னா பெறகு தீவாளி பொங்கலுக்குத்தான் எறங்க முடியும்."

அதனால்தான் இன்று இரண்டு தூக்கு.

"நெசமாவே போறியாம்மா?" என்றாள் திரிஷா. ஒரே மகள். தேனியில் நர்சிங் இரண்டாம் வருடம். ஏழு மணி காலேஜ் பஸ்ஸுக்கு ஐந்தரைக்கே எழுந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"போறேன்."

"போயி என்ன பேசப் போற?"

நாகஜோதி பையைத் தொட்டுக் காட்டினாள். "இந்த மாசத்து புக்குல தெளிவா போட்டுருக்கு. 'விலகிப் போனவரைத் திரும்பப் பெற' ஒவ்வொரு படியா சொல்லிருக்காக. நான் அஞ்சு முடிச்சுட்டேன். இன்னைக்கு ஆறாவது."

"அதயே இன்னும் தூக்கிட்டு அலையிறியேம்மா. அதனாலதான அப்பா போனாக."

"அது வேற மாசத்து புக்கு."

திரிஷா சீப்பைக் கீழே வைத்தாள். "எங்களுக்கு சைக்காலஜி ஒரு பேப்பரு. மொத நாளே மேடம் சொல்லிட்டாக, இத வீட்டு ஆளுக மேல வச்சுப் பாக்காதீகன்னு."

"ஏனாம்?"

"நமக்கு வேண்டிய பதில மனசுல வச்சுக்கிட்டே பாப்போமாம்."

"உங்க மேடத்துக்கு வீட்டுக்காரரு வீட்டுல இருக்காரு. அவுக சொல்லுவாக."

மகள் சிரிக்கவில்லை. ரிப்பனைப் பல்லில் கடித்தபடி, "எனக்கு ஸ்டெத்து குடுத்துட்டாகன்னு அப்பாகிட்ட சொல்லு," என்றாள். "போன்ல ரெண்டு நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டேங்கிறாக. சொல்றதுக்குள்ள வச்சுர்றாக."

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. நாகஜோதி சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஜீப்பில் அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தி மடியில் ஒருத்தி என்று சொன்னாலும் பொய்யில்லை. கம்பம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். குளிர் அடங்கினால் நாகஜோதி கைப்பேசி வெளிச்சத்தில் இதழை விரிப்பாள். ஒன்றரை வருடமாக நடக்கிற வழக்கம் இது.

முதல் இதழை அவள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினாள். மழைக்கு ஒதுங்கிய கடையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் 'பேசாமல் இருப்பவர் என்ன சொல்கிறார்?' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் சுருளிராஜன் பேசுவதை நிறுத்தி அப்போது ஒரு மாதம். அந்தக் கேள்வியை வேறு யாரோ, சட்டை போட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, தனக்காக யோசித்து எழுதியிருக்கிறார் என்பதே அவளுக்குத் தாங்க முடியாத ஆறுதலாக இருந்தது. பத்தாவதில் தமிழில் முதல் மார்க் வாங்கியவள். அதன்பிறகு அவளுக்கென்று ஒருவரும் எதையும் எழுதியதில்லை.

ஜீப்பில் வாசிக்க ஆரம்பித்தபோது முதலில் கேலி செய்தார்கள். பிறகு சுகிர்தம் ஒரு நாள் அழுதாள்.

சுகிர்தம்தான் ஜீப்பில் மூத்தவள். செக்போஸ்ட்டில் வண்டி நின்றால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், மூச்சு அடைக்கும். காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். 'பதற்றத் தாக்கு' என்ற பக்கத்தை நாகஜோதி வாசித்துக்கொண்டே போக, அத்தனையும் அப்படியே சுகிர்தத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

"இதுக்குப் பேரு இருக்கா?" என்று கேட்டாள் சுகிர்தம். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பேரு வச்சிருக்காகன்னா, எனக்கு முன்னால நெறையப் பேருக்கு வந்திருக்குன்னுதானத்தா அர்த்தம்," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது. ஆனால் செக்போஸ்ட் வந்தால் இப்போதெல்லாம், "எனக்கு அந்தப் பேரு வருது, ஜன்னலப் பிடிச்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொள்கிறாள்.

அதற்குப் பிறகு ஜீப்பில் யாரும் கேலி செய்யவில்லை. கேள்வி பதில் பக்கம் வந்தால் எல்லாரும் கூடித்தான் மார்க் போடுவார்கள். 'நீங்களும் உங்கள் துணைவரும் மாதம் எத்தனை முறை வெளியே சாப்பிடுகிறீர்கள்?' என்ற கேள்விக்கு ஞானசெல்வி, "நான் தெனமும் வெளியதான் திங்கிறேன், ஏலச்செடிக்கு அடியில. ரத்தங்குடிக்கிற அட்டைக்கும் பங்கு குடுக்கேன். முழு மார்க் போடுக்கா," என்றாள். போட்டார்கள்.

நாகஜோதியின் படிகளும் ஜீப்பின் பொதுச்சொத்து. மூன்றாவது படியில், 'எதிர்பார்ப்பு ஏதுமின்றி ஒரு சிறு குறுஞ்செய்தி அனுப்புங்கள்' என்று இருந்தது. 'நலமா' என்று அனுப்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து 'ம்' என்று பதில் வந்தது. அந்த ஒற்றை எழுத்தை ஜீப் இரண்டு நாள் ஆராய்ந்தது. கோபத்தில் போட்ட 'ம்' என்றாள் ஒருத்தி. அடுப்புப் பக்கம் கை வேலையாக இருந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஒச்சாண்டி முன்னாலிருந்து, "ஆம்பள பதில் போட்டதே பெருசு ஆத்தா, விடுங்க," என்றான்.

இன்று யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. செக்போஸ்ட் தாண்டியதும் நாகஜோதி சொன்னாள்.

"ஒச்சாண்டி, ஸ்டோர் வளைவுல என்னய எறக்கி விட்ரு. கங்காணிகிட்ட நான் வரலன்னு சொல்லிரு."

ஞானசெல்விதான் மெதுவாகக் கேட்டாள்.

"ஆறாவது படியாக்கா?"

"ஆமா."

"அதுல 'அமைதியான காபி ஷாப்பில் நேரில் பேசுங்கள்'னு போட்டுருந்துச்சே."

"அடுப்பங்கரையில காபியா போடுறாக," என்றாள் சுகிர்தம். "போற எடத்துல போயி பேசட்டும்டி. நீ வாய மூடு." பிறகு நாகஜோதியின் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள். "மொதல்ல சோத்தப் போடு. தின்ன பெறகு பேசு. இது எந்த புக்குலயும் போட்டிருக்க மாட்டான்."

வளைவில் இறங்கி நின்றபோது பனி கலையவில்லை. எதிர்ச் சரிவில் ஸ்டோர்க் கூரைக்கு மேலே புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. அவள் காய் எடுக்கிற தோட்டத்திலிருந்து பார்த்தாலும் அந்தப் புகை தெரியும். நாலு மாதமாக அதைப் பார்த்துத்தான் அவர் எழுந்துவிட்டார், சாப்பிடப் போயிருக்கிறார், விறகு போட்டிருக்கிறார் என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தாள். புகை கறுத்து வந்தால் பச்சை விறகு, இன்றைக்குக் கண் எரியும் அவருக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

வாசலில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் கணக்கு எழுதுகிற மலையாளப் பெண் ஷெரின் உட்கார்ந்திருந்தாள். நாகஜோதியைப் பார்த்ததும், "சுருளியண்ணன்டெ வீட்டுக்காரி அல்லே?" என்றாள். எப்படித் தெரிந்தது என்று நாகஜோதிக்கு ஆச்சரியம். ஷெரின் அவள் சட்டையைக் காட்டினாள். "அண்ணனுக்கும் இதே துணி ஒண்ணு உண்டு சேச்சி. போங்க, அகத்துண்டு, உள்ளதான்."

உள்ளே சூடு முகத்தில் அடித்தது. அதோடு அந்த வாசனையும். கண்ணில் காரமாகவும் தொண்டையில் இனிப்பாகவும் இறங்குகிற ஏலக்காய் ஆவி.

சுருளிராஜன் அடுக்கிலிருந்து ஒரு தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு. ஒரு பிடி காயை அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். கேட்டார். தலையை ஆட்டிவிட்டுத் தட்டை மறுபடி உள்ளே தள்ளினார். அடுத்த தட்டு. அதில் குலுக்கியதும், "எடுத்துரு," என்று யாருக்கோ சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டு இறக்கி வைத்தார். ஒரு வேலையைச் செய்ய இவருக்கு இத்தனை நிச்சயம் உண்டா என்று அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். பத்தில் நாலாவது, 'எந்த முடிவையும் தானாக எடுக்கத் தயங்குவார்.'

அவர் திரும்பினார்.

கையிலிருந்த காயைத் தட்டிலேயே போட்டார்.

"திரிசாவுக்கு என்ன?" என்றார் சுருளிராஜன்.

"ஒண்ணும் இல்ல. நல்லாருக்கா. ஸ்டெத்து குடுத்துட்டாகளாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

"ம்."

இதே 'ம்'தான். நேரில் கேட்டபோது அதில் கோபம் இல்லை, வேலைப்பளுவும் இல்லை. சந்தோஷத்தை உடனே காட்டக் கூடாது என்று அடக்கிக்கொண்ட 'ம்'. ஜீப்பில் பன்னிரண்டு பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது வீண்.

"அது என் சட்டதான?" என்று கேட்டார்.

"பொத்தான் ரெண்டு மாத்தியிருக்கேன்."

"ம்."

அடுப்பு வாய்க்கு விறகு தள்ளப் போனார். அவள் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கீழே உட்கார்ந்து, இறக்கி வைத்த காயில் ஒட்டியிருந்த பூவையும் சருகையும் பொறுக்க ஆரம்பித்தாள். கைக்குப் பழகிய வேலை. மத்தியானம் சாயும் வரை அப்படியே போனது. சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பை அவர் வழித்துத் தின்றார். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. மறுசோறு கேட்டார்.

தின்று முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், நாகஜோதி ஜீப்பில் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்தாள்.

"நான், நீங்க வீட்டுல இல்லாதப்போ, வருத்தமா உணர்றேன்."

சுருளிராஜன் அவளை உற்றுப் பார்த்தார். "யாரு எழுதிக் குடுத்தா?"

"நெஞ்சக்கதவு."

"அதான பாத்தேன். நீ எந்தக் காலத்துல 'உணர்றேன்'ன?"

அவளுக்கு முகம் சூடானது. அடுப்புச் சூடு என்று வைத்துக்கொண்டாள். அடுத்த வரி ஞாபகம் வரவில்லை. வராததே நல்லதாகப் போயிற்று.

"அன்னைக்கு அம்புட்டுச் சனத்துக்கு முன்னால அத வாசிச்சது தப்பு," என்றாள். "சும்மா சிரிக்கிறதுக்குத்தான் வாசிச்சேன். ஜீப்புல வாசிக்கிற மாதிரி. அவுக உங்களயக் கை காட்டுவாகன்னு நெனக்கல. உங்களுக்கு மானக்கேடாப் போச்சு."

"அதுக்கா நான் இங்கன வந்தேன்னு நெனச்ச?"

"பின்ன?"

"எங்க அக்கா வீட்டுச் சனம் நான் பொறந்ததுல இருந்து என்னயப் பாத்துச் சிரிக்குதுக. அதுக்கு மலையேறுறதுன்னா பத்து வயசுலயே ஏறியிருக்கணும்."

விறகு ஒன்று வெடித்தது. எழுந்து போய் அதைத் தள்ளிவிட்டு வந்தார். வந்தவர் அவளைப் பார்க்காமல் தட்டுகளைப் பார்த்துப் பேசினார். நாலு மாதம் அல்ல, ஒன்றரை வருடமாக அவள் காத்திருந்த பேச்சு அது.

"ஆனி மாசத்துல நீ என்னயப் பாத்துக்கிட்டே இருந்த. சோறு திங்கையில பாப்ப. வெளிய போயிட்டு வந்தா மூஞ்சியப் பாப்ப. தூங்கி எந்திரிச்சா நீ முழிச்சிருந்து பாத்துக்கிட்டு இருப்ப. நான் கவனிக்கலன்னு நெனச்ச."

நாகஜோதியின் கை காயில் நின்றது.

"கல்யாணம் ஆன புதுசுல கூட நீ என்னய அப்பிடிப் பாத்ததில்ல ஜோதி. தோட்டம் போச்சு, வேல இல்ல, ஒண்ணுக்கும் ஆகாம உக்காந்திருக்கேன். இந்த நேரத்துல போயி இவ என்னய ஆசையாப் பாக்குறாளேன்னு இருந்துச்சு. மீசையக் கத்தரிச்சு விட்டேன். ஒரு நாள் தலைக்கு மை போட்டேன். கவனிச்சியா?"

கவனித்தாள். கவனித்ததை அவளால் மறக்க முடியாது. 'ஒரு மாதம் உற்றுக் கவனித்து, அறிகுறி தென்படும் நாளைக் கட்டத்தில் குறியுங்கள்' என்று அந்தப் பத்து அறிகுறிப் பக்கத்தின் அடியில் இருந்தது. அவள் குறித்தாள். ஏழாவது, 'திடீரென்று தன் தோற்றத்தில் அளவுக்கு மீறிய அக்கறை காட்டுவார்.' மை போட்ட அன்று சாயங்காலம் அந்தக் கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினாள்.

"ஆண்டிபட்டியில இருந்து வரையில பஸ்ஸுல நீ தூங்கிட்ட," என்றார் அவர். "பை என் மடியில. அப்பிடி என்னதான் எழுதியிருக்குன்னு எடுத்துப் பாத்தேன். பத்துக்கும் டிக்கு. பத்துக்கும் தேதி. ஏழாவதுல எந்தத் தேதின்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பெறகு பைய மூடி வச்சுட்டேன்."

வெளியே ஷெரின் யாருடனோ பேசுகிற சத்தம் கேட்டது. தராசில் சங்கிலி உரசியது. நாகஜோதிக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. அதுவும் புத்தகத்தில் ஆறாவது படியில் இருக்கிற சொல்.

"இப்பவும்தான் பாக்குற," என்றார் சுருளிராஜன். "காலையில இருந்து."

"பென்சில் கொண்டாரல."

அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக ஆகவில்லை.

நாகஜோதி விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்துத்தான் பேசினாள். "அந்தப் பத்தாவது டிக்கு எந்தத் தேதின்னு பாத்தீகளா?"

"இல்ல."

"ஆடி மூணு. அதோட பத்தும் முடிஞ்சுபோச்சு. காதுகுத்து ஆவணி பாதியில. நடுவுல ஒன்ற மாசம்." அவள் நிறுத்தவில்லை. "அந்த ஒன்ற மாசமும் நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன். காலையில முழிச்சுக்கிட்டு இருந்தேனே, அது ஆனியிலயா ஆவணியிலயா, நீங்களே சொல்லுங்க. குறிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பாத்தேன். அதுக்கு அதுல கட்டம் இல்ல."

சுருளிராஜன் தரையில் கிடந்த ஒரு காயை எடுத்தார். காதுக்குக் கொண்டுபோகவில்லை. விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். ஆனியையும் ஆவணியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித்தானா என்று நிச்சயமாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் அவர் வேறு எதையோ சொன்னார்.

"புது ஸ்டோருக்குக் கூப்புடுறாக."

"ஒச்சாண்டி சொன்னான்."

"குடும்பம்னா ரெண்டு ரூமு குவார்ட்டர்ஸ் குடுப்பாகளாம். தனி ஆளுன்னா ஸ்டோருக்குப் பின்னால ஷெட்டு. எனக்கு ஷெட்டு போதும்னு சொல்லலாம்னு இருந்தேன்."

'இருந்தேன்' என்றால் இப்போது? அவள் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடும் என்று பயந்தாள். அவரும் மேலே போகவில்லை. வளைவில் ஒச்சாண்டியின் ஹாரன் மூன்று முறை அடித்தது.

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை, அடுப்பை விட்டு வர முடியாது.

"சட்டைய மாத்து," என்றார். "முழங்கை கிழிஞ்சிருக்கு."

"இதான் நல்லாருக்கு," என்றாள் நாகஜோதி.

ஜீப் கிளம்பி இரண்டு வளைவு இறங்குவதற்குள் முதலாளியின் வண்டி எதிரே ஏறி வந்தது. ஒச்சாண்டி ஓரம் கட்டி வழிவிட்டான். பெண்கள் எல்லாரும் தார்ப்பாய் இடுக்கு வழியாக அந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பிறகு நாகஜோதியைப் பார்த்தார்கள்.

"என்னக்கா சொன்னாரு?" என்றாள் ஞானசெல்வி.

"மறுசோறு கேட்டாக."

சுகிர்தம் அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. செக்போஸ்ட்டில் பெரிய வரிசை. சுகிர்தம் ஜன்னல் கம்பியை ஒரு கையாலும் நாகஜோதியின் சட்டைக் கையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி அந்தப் பக்கம் தாண்டும்போது பொழுது மங்கிவிட்டது.

இறக்கத்தில் கைப்பேசி அடித்தது. திரிஷா.

"அம்மா, அப்பா லைன்ல இருக்காக. ஹோல்டுல வச்சுட்டு உன்னயக் கூப்புட்டேன். அவுகளா போன் பண்ணாக. ஸ்டெத்தப் பத்தி அம்புட்டுக் கேட்டாகம்மா. காதுல வச்சா என்ன சத்தம் கேக்கும், எதுல கெட்டது தெரியும்னு. பத்து நிமிசம் பேசிட்டாக." மகள் மூச்சு விடாமல் பேசினாள். "இப்ப ஒண்ணு கேக்குறாக. அந்த உச்சியில குளிரு சாஸ்தியாம். உங்கம்மாவுக்குத் தாங்குமான்னு கேக்குறாக. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக. மொதலாளி பக்கத்துல நிக்கிறாராம், சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கிறாக. என்னம்மா சொல்ல?"

நாகஜோதி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஜீப்பின் இரைச்சலிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். பேச்சு ஒவ்வொருத்தியாக நின்றது. ஒச்சாண்டி கூட கியரைக் குறைத்தான்.

நிறைய இருந்தது சொல்ல. வீடு இருக்கிறது, வருஷம் முழுக்க மலையில் இருப்பதா என்று இருந்தது. என்னை நேராகக் கேட்டால் என்ன என்று இருந்தது. நாலு மாதம் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றது இருந்தது.

"கம்பளி இருக்கான்னு கேளு," என்றாள்.

ஞானசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சுகிர்தத்தின் தோளில் சாய்ந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒச்சாண்டி தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடித்தான்.

கைப்பேசியில் மட்டும் சத்தம் இல்லை. கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். இல்லை. நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, கேக்குறேன்," என்றாள் திரிஷா. புரிந்துகொண்ட குரல். கொஞ்சம் முன்னால் ஸ்டெத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளியவளின் குரல் இல்லை அது. "குவார்ட்டர்ஸ் ரெண்டு ரூமுன்னு அப்பா பேச்சுவாக்குல சொன்னாக. அங்கன இருந்து தேனிக்கு பஸ்ஸு கெடையாதும்மா."

"ஏத்தா..."

"அப்ப நான் எங்கன இருக்க?"

அதில் கோபம் இருந்திருந்தால் நாகஜோதிக்குப் பதில் வந்திருக்கும். மகள் வழி கேட்பது போலத்தான் கேட்டாள். ஜீப் அடுத்த வளைவில் திரும்பியது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒன்றிரண்டாக விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோம்பை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு விளக்கை இந்நேரம் போட்டுவிட்டு, காதில் கைப்பேசியோடு நிற்கிறவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். இன்னொரு லைனில் அவளுடைய அப்பாவும் காத்திருந்தார்.